நீலப் பை மேல் ஓர் உபயம்

மெஷின் வந்த நாள்

எங்கள் ரத்த வங்கிக்கு அந்த மெஷின் வந்த அன்று முதலில் திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்தார்கள். அதன் பிறகுதான் பெட்டியைப் பிரித்தார்கள். பூசணிக்காய் பெட்டிமேல் தெறித்ததைப் பார்த்துக் கம்பெனி இன்ஜினியரின் முகம் சுருங்கிப்போனது. பெங்களூரிலிருந்து வந்தவர், பாவம். எங்கள் ஊர்ப் பழக்கவழக்கங்களில் அது முதல் அத்தியாயம் மட்டுமே என்று அவருக்குத் தெரியாது.

என் பெயர் கஸ்தூரி. ஆம்பூர் பக்கத்தில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியில் டெக்னீஷியனாகச் சேர்ந்து சூப்பர்வைசராக ரிட்டையர் ஆனவள். லேப் டெக்னாலஜி படிக்கிற பிள்ளைகள் என்னைப் பார்த்தால், சர்வீஸில் ரொம்பக் கஷ்டமான கேஸ் எது என்று கேட்கிறார்கள். யாருக்கும் கிடைக்காத ரத்த குரூப், ஆம்புலன்ஸ், சைரன் என்று எதையாவது எதிர்பார்க்கிறார்கள். நான் ஒரு ஸ்டிக்கரின் கதையைச் சொல்கிறேன். அவர்கள் முகம் வாடிவிடும். ஆனால் என் சர்வீஸில் என்னை நிஜமாகவே பயமுறுத்தியது அந்த ஸ்டிக்கர்தான்.

முதலில் மெஷின் என்ன செய்யும் என்று சொல்லிவிடுகிறேன். ரத்தத்திலிருந்து சிவப்பணுக்களைப் பிரித்த பிறகு மேலே மஞ்சளாக நிற்பது பிளாஸ்மா. தானம் கொடுக்கிற ஒவ்வொருவரின் ரத்தத்தையும் டெஸ்ட் செய்துதான் வாங்குகிறோம். ஆனால் டெஸ்டுக்கும் கண் தெரியாத காலம் ஒன்று உண்டு. நேற்றோ முந்தாநாளோ உடம்புக்குள் நுழைந்த வைரஸ் டெஸ்டில் தலைகாட்டாது. கொடுத்தவருக்கே தெரியாது, நமக்கு எப்படித் தெரியும்? அந்த ஓட்டையை அடைக்கத்தான் இந்த மெஷின். பிளாஸ்மாவில் மெத்திலீன் ப்ளூ என்ற நீலச் சாயம் துளியளவு கலக்க வேண்டும். அது வைரஸின் மரபுப் பொருளில் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு தட்டையான பை ஒன்றில் பிளாஸ்மாவைப் பரப்பி, மேலும் கீழும் விளக்குகள் உள்ள டிராயரில் வைத்து ஆட்டிக்கொண்டே வெளிச்சம் காட்ட வேண்டும். வெளிச்சம் பட்டால்தான் சாயம் வேலை செய்யும். வைரஸ் பல் பிடுங்கிய பாம்பாகிவிடும். அதற்கப்புறம் ஒரு ஃபில்டர் வழியாக விட்டால் நீலம் எல்லாம் அங்கேயே தங்கி, மஞ்சள் பிளாஸ்மா மட்டும் வேறு பையில் இறங்கும். அந்தப் பையை உறைய வைத்து ஃப்ரீசரில் அடுக்குவோம். வெளிச்சம் வாங்கிய நீலப் பை காலியாகி ஆஸ்பத்திரிக் குப்பைக்கான மஞ்சள் கவருக்குப் போய்விடும்.

விளம்பரத் தாளில் எல்லா வைரஸும் ஒழிந்துவிடும் என்கிற மாதிரி எழுதியிருந்தது. இன்ஜினியர் நேர்மையான மனிதர். அப்படி இல்லை, கொழுப்பு உறை போர்த்திய வைரஸ்களைத்தான் இது நன்றாக அடக்கும், மற்றவற்றில் சில தப்பிக்கும் என்று எங்களுக்குப் பாடம் நடத்தும்போதே சொன்னார். இன்னொன்றும் சொன்னார். நீலப் பை மேல் பேனாக் கோடுகூட இருக்கக் கூடாது, நிழல் விழுந்த இடத்தில் மெஷின் இருந்தும் இல்லாத மாதிரிதான் என்றார். அதை நான் தலைக்குள் ஆணி அடித்து மாட்டிக்கொண்டேன்.

மெஷினைக் கொடுத்தவர் எங்கள் டிரஸ்டின் சேர்மன் தனபால். தோல் தொழிற்சாலைகளுக்குச் சாயமும் கெமிக்கலும் விற்கிறவர். அறுபது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. மணிவிழாவை முன்னிட்டு ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று இதை வாங்கிக் கொடுத்தார். அவர் பெயரைப் படிக்காமல் எங்கள் ஊரில் ஒரு தெருவைத் தாண்ட முடியாது. பள்ளிக்கூடத்து ஃபேன் இறக்கையில் அவர் பெயர் இருக்கும், ஃபேன் நின்றால் படிக்கலாம். பஸ் ஸ்டாப் பெஞ்சில் இருக்கும், உட்கார்ந்தவர் எழுந்தால் படிக்கலாம். பிள்ளையார் கோயில் டியூப்லைட்டில் அவர் பெயர், அப்பா பெயர், கடைப் பெயர், போன் நம்பர் எல்லாம் எழுதியது போக மிச்சம் இருந்த இடத்தில் கொஞ்சம் வெளிச்சம் வரும். பிள்ளையாரைப் பார்க்கக் குருக்கள் கற்பூரம் ஏற்றினால்தான் உண்டு.

ஆனால் கெட்டவர் இல்லை. கொடுக்காமலே பெயர் போட்டுக்கொள்கிறவர்கள் நடுவில், கொடுத்துவிட்டுப் பெயர் போட்டவர். அந்த மரியாதை எனக்கு எப்போதும் உண்டு.

திறப்பு விழா அன்று மெஷினின் முன்பக்கம் பித்தளைத் தகட்டில் அவர் பெயர் பளபளத்தது. போட்டோகிராபருக்குத்தான் திருப்தி இல்லை. மூடியிருந்தால் ஜெராக்ஸ் மெஷின் மாதிரி இருக்கிறது என்று குறைப்பட்டார். அதனால் டிராயரைத் திறந்து நீலப் பையைக் காட்டினேன். கூட்டமே வாயைப் பிளந்தது. சேர்மன் குனிந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது, நம்ம வெட் ப்ளூ மாதிரி இருக்குது."

குரோம் போட்டு ஊறவைத்த தோல் நீலம் பாரித்து வரும். அதைத்தான் எங்கள் பக்கம் வெட் ப்ளூ என்பார்கள். இவ்வளவு அழகான பை இருக்கும்போது பெயரைத் தகரத்தில் ஏன் அடித்தீர்கள், இதன்மேல் இருந்தால் ஷோக்காக இருக்குமே என்று அவருக்கு ஏக்கம். அதன்மேல் எதுவும் ஒட்டக் கூடாது சார் என்று பக்குவமாகச் சொன்னேன். அவர் சரி என்று விட்டுவிட்டார். ஆனால் பக்கத்தில் நின்ற ஏ.ஓ. விடவில்லை. ரவிச்சந்திரன் என்று பெயர், ஆஸ்பத்திரியின் நிர்வாக அதிகாரி. முதலாளி வாயைத் திறப்பதற்கு முன்பே ஆசையை நிறைவேற்றி வைப்பதுதான் நிர்வாகம் என்று நம்பியவர்.

நான் கல்யாணத்துக்குப் போனபோது

அண்ணன் மகள் கல்யாணத்துக்குக் காவேரிப்பாக்கம் போனேன். திரும்பி டியூட்டிக்கு வந்த காலையில் முதலில் கண்ணில் பட்டது மஞ்சள் குப்பைக் கவர். அதற்குள்ளிருந்து சேர்மன் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கையுறை போட்டு ஒரு பையை வெளியே எடுத்தேன். காலி நீலப் பை. அதன் முகத்தில் பாதிக்கு மேல் ஒரு ஸ்டிக்கர். தங்க பார்டர், சிவப்புப் பின்னணி, சேர்மனின் போட்டோ, கீழே 'மணிவிழா நாயகரின் உபயம்'. அடுத்த பையிலும் அதே. அதற்கடுத்ததிலும் அதே. எல்லாவற்றிலும் ஒரே சிரிப்பு.

அஸ்லம் பாயைக் கூப்பிட்டேன். என்னோடு பல வருஷம் வேலை பார்த்த டெக்னீஷியன், கை சுத்தமான வேலைக்காரர். நான் பையைத் தூக்கிக் காட்டியதுமே தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் இன்னா பண்றது மேடம். ஏ.ஓ. சார் பக்கத்துலயே நின்னுகினு ஒட்டு ஒட்டுன்றாரு. வெளிச்சத்துல வெச்சு வீடியோ எடுத்து சேர்மனுக்கு அனுப்பினாரு. வேணாம் சார்னேன். மெஷினு பாஸ் காட்டுதில்ல, உனக்கு இன்னான்ட்டாரு. பேஜாரா போச்சு."

எத்தனை பைக்கு ஒட்டினீர்கள் என்று கேட்டேன். நான் கிளம்பிப்போன அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் என்றார்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். சேர்மனின் பெயர் நோயாளி வரைக்கும் போகவே இல்லை. நீலப் பையோடு குப்பைக்குப் போய்விட்டது. ஸ்டிக்கரின் நிழலில் கிடந்த பிளாஸ்மாதான் ஒன்றும் தெரியாத மாதிரி மஞ்சளாக, சுத்தமாக, 'ஒளியால் பாதுகாக்கப்பட்டது' என்ற லேபிளோடு ஃப்ரீசரில் அடுக்கி இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. உடனே ரெஜிஸ்டரைப் புரட்டினேன். நல்லவேளை, அதிலிருந்து ஒரு பையும் இன்னும் யாருக்கும் போகவில்லை.

அந்த நிம்மதி டாக்டர் நிர்மலா உள்ளே வரும்வரைதான் இருந்தது. எங்கள் ரத்த வங்கியின் மெடிக்கல் ஆபீஸர் அவர். ஒரு பெண் அட்மிட் ஆகியிருக்கிறாள், நாளைக் காலை பிளாஸ்மா மாற்ற வேண்டும், ஸ்டாக் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

பெண்ணின் பெயர் சுமதி. விரிஞ்சிபுரத்துக்காரி, ஷூ கம்பெனியில் வேலை. சில நாளாகக் கைகால்களில் ரத்தம் கட்டின மாதிரி ஊதாப் புள்ளிகள் வந்திருக்கின்றன. அன்று காலை கம்பெனியில் வேலை லைனில் நின்றபடியே பேச்சு குழறி விழுந்திருக்கிறாள். ரத்தத்துக்குள்ளேயே பொடிப்பொடியாகக் கட்டிகள் உண்டாகி, தட்டணுக்களை எல்லாம் தின்றுவிடுகிற நோய். அவளுடைய பிளாஸ்மாவை எடுத்துவிட்டு மற்றவர்களின் பிளாஸ்மாவை ஏற்ற வேண்டும். ஒரு நாள் செய்தால் போதாது, தட்டணு ஏறும்வரை தினமும் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பிழைப்பது அபூர்வம். முன்பின் தெரியாத அத்தனை பேரின் பிளாஸ்மா ஒரே உடம்புக்குள் போகிறது என்றால், இந்த மெஷின் யாருக்காக வந்ததோ அந்த ஆள் அவள்தான்.

வராந்தாவில் அவள் புருஷன் நின்றுகொண்டிருந்தார். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். கேட்டில் கட்டியிருந்த திறப்பு விழா பேனரைப் படித்திருக்கிறார்.

"அந்த லைட்டு மெஷின்ல போட்டதுதானே மேடம் குடுப்பீங்க? அதனாலதான் இங்க இட்டுனு வந்தேன்."

ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டாக்டர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

ஏ.ஓ. அறையில் விஞ்ஞானம்

டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னதும் ஏ.ஓ. அறையில் அவசரக் கூட்டம் கூடியது. டாக்டர், நான், ஏ.ஓ., அக்கவுண்டண்ட், டீ. இந்த வரிசையில் பயன்பட்டது டீ ஒன்றுதான்.

ஏ.ஓ.வின் முதல் வாதம், மெஷின் ஒவ்வொரு தடவையும் பாஸ் என்று காட்டியிருக்கிறது.

"மெஷினவிட ஒங்களுக்கு ஜாஸ்தி தெரியுமா மேடம்?"

"வெளக்கு எவ்ளோ எரிஞ்சுதுன்னு மெஷினுக்குத் தெரியும் சார். பை எவ்ளோ வாங்கிச்சுன்னு அதுக்குத் தெரியாது. நடுவுல சேர்மன் போட்டோ இருக்கும்னு அதைச் செஞ்சவன் கனவுலயும் நெனச்சிருக்க மாட்டான்."

இரண்டாவது வாதம், கீழே இருந்தும் வெளிச்சம் வருகிறதே, பையையும் ஆட்டிக்கொண்டேதானே இருக்கிறோம், நிழலில் இருப்பது வெளிச்சத்துக்கு வரும், வெளிச்சத்தில் இருப்பது நிழலுக்குப் போகும், ஆக மொத்தம் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் கிடைத்திருக்குமே என்றார். கொஞ்சம் கொஞ்சம் வெந்த சோற்றை நீங்கள் சாப்பிடுவீர்களா என்று டாக்டர் கேட்டார். மூன்றாவது, ஃப்ரீசரில் இருப்பதை எடுத்து உருக்கி மறுபடி வெளிச்சம் காட்டலாமே என்றார். சாயம் எல்லாம் ஃபில்டரில் நின்றுவிட்டது, உருக்கி உருக்கி உறைய வைக்க இது குல்ஃபி இல்லை என்று நான் சொன்னேன்.

அக்கவுண்டண்ட் அதுவரை பேசாமல் ஒரு ஸ்டிக்கரை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து ஆராய்ந்துகொண்டிருந்தார். போட்டோவில் சேர்மனின் பல் தெரிகிற இடம் வெள்ளையாக இருக்கிறதே, அதன் வழியாக வெளிச்சம் போயிருக்காதா என்று கேட்டார். அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். இனிமேலாவது ஸ்டிக்கரைக் கண்ணாடி மாதிரி அடிக்கலாம், எழுத்தை மட்டும் தங்கத்தில் போட்டால் தங்கம் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் என்று இருவரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்துகொண்டிருந்தார்கள். ஒரு பெண் சாகக் கிடக்கிறாள், இவர்கள் ஸ்டிக்கருக்கு டிசைன் போடுகிறார்கள். எனக்கு வந்த கோபத்தில் டீ கிளாஸை மேஜையில் வைத்த சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது.

டாக்டர் நிர்மலா எழுந்தார்.

"ஸ்டிக்கர் ஒட்டின எல்லாத்தையும் கொட்டிடலாம் கஸ்தூரி, நான் கையெழுத்து போடறேன். ஆனா நாளைக்குக் காலைல என் கைல பிளாஸ்மா இருக்கணும். இதையும் கொட்டிட்டு நாம வெறுங்கையோட நின்னா அந்தப் பொண்ணு போய்டுவா."

அதுதான் கஷ்டம். மெஷின் வந்ததிலிருந்து எல்லாப் பிளாஸ்மாவையும் அதில்தான் போட்டிருந்தோம். நான் ஊருக்குப் போகும்முன் செய்த நல்ல பைகள் வார்டுகளுக்குப் போய் முடிந்துவிட்டன. வேலூரில் கேட்டுப்பார்த்தோம். சுமதியின் குரூப்பில் அவர்களால் கொடுக்க முடிந்தது ஒரு சிட்டிங்குக்கே, அதாவது ஒரு தடவை மாற்றுவதற்கே, பத்தாது. ஒரே வழி, அன்றைக்கே ஆட்களைக் கூட்டிவந்து ரத்தம் எடுத்து, டெஸ்ட் முடித்து, ஸ்டிக்கர் இல்லாமல் வெளிச்சம் காட்டி, காலைக்குள் தயார் செய்வது. அவ்வளவு பேரை ஒரே மத்தியானத்தில் எங்கிருந்து கூட்டுவது? ஷூ கம்பெனியில் ஷிப்டு நடுவே ஆளை விட வேண்டுமென்றால் அந்த முதலாளிகளிடம் பேசக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார். அவர்தான் ஸ்டிக்கரிலும் இருந்தார்.

ஏ.ஓ. நாற்காலியில் சாய்ந்துகொண்டு, சேர்மனிடம் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள் என்றார். அவருக்கு நன்றி. அவர் சொல்லியிருந்தால் சேர்மன் காதுக்கு வேறு கதைதான் போயிருக்கும்.

சேர்மன் கடை ஜன்னல்

பைபாஸ் ரோட்டில் அவர் கடை. உள்ளே நுழைந்தாலே சாய வாடை மூக்கில் ஏறும். மேஜை முழுக்க மணிவிழா அழைப்பிதழ் மாதிரிகளைப் பரப்பி வைத்து, எந்தப் போட்டோவில் வயசு கம்மியாகத் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றபடியே ஒன்றுவிடாமல் சொன்னேன். ஸ்டிக்கரை, ஃப்ரீசரை, சுமதியை, அவள் புருஷன் கேட்டதை.

அவர் முகம் சிறுத்துவிட்டது. அவமானத்தைவிட வருத்தம்தான் அதிகம் தெரிந்தது.

"நான் இன்னா வெஷத்தையா வெச்சேன் கஸ்தூரி? பேரைத்தானே வெச்சேன். ஒரு காயிதம். அவ்ளோ பெரிய மெஷினு, இத்தனூண்டு காயிதத்த தாண்டாதா?"

மரபுப் பொருள், அலைநீளம் என்று ஆரம்பித்தால் அவர் ஏ.ஓ.வைக் கூப்பிடுவார். அப்போதுதான் ஜன்னல் ஓரம் தொங்கிய ஷேட் கார்டு கண்ணில் பட்டது. ஒவ்வொரு சாயத்துக்கும் ஒரு தோல் துண்டு ஒட்டி, வாடிக்கையாளர்கள் நிறம் பார்ப்பதற்காக மாட்டி வைத்திருப்பார்கள். பல வருஷம் வெயில் பட்டு எல்லாத் துண்டும் வெளுத்திருந்தது. நடுவில் ஒரு பெரிய துண்டின்மேல் கடைப் பெயர் போட்ட ஸ்டிக்கர். சேர்மன் அங்கேயும் விட்டுவைக்கவில்லை.

அந்தத் துண்டு முதலில் என்ன நிறம் சார் என்று கேட்டேன். நல்ல செர்ரி ரெட், வெயிலில் போய்விட்டது, இப்போது செங்கல் மாதிரி இருக்கிறது என்றார். நான் அவர் அனுமதி கேட்கவில்லை. நகத்தால் நெம்பி ஸ்டிக்கரை உரித்தேன். அதன் அடியில் கட்டம் கட்டின மாதிரி செர்ரி ரெட் அப்படியே புதுசாக இருந்தது.

சேர்மன் எழுந்து வந்தார். விரலால் அந்தச் சிவப்புக் கட்டத்தைத் தடவினார். சாயம் வெயிலுக்குத் தாங்குமா என்று பார்க்க இவர்களே ஒரு டெஸ்ட் செய்வார்கள். லைட் ஃபாஸ்ட்னஸ் என்பார்கள். தோல் துண்டில் பாதியை அட்டை போட்டு மூடி, மீதியை விளக்கடியில் வைத்து, கடைசியில் இரண்டு பாதியையும் ஒப்பிடுவார்கள். வாழ்நாள் முழுக்க அதைச் செய்தவர். நான் விளக்கவே தேவைப்படவில்லை.

"மூடின எடத்துல ஒண்ணும் ஆவாது. அப்படியே நிக்கும்" என்றார், தனக்குத்தானே சொல்கிற மாதிரி.

"வைரஸும் அப்படியேதான் சார் நிக்கும்."

உரித்த ஸ்டிக்கரை என் கையிலிருந்து வாங்கிக் கசக்கினார். பிறகு மேஜைக்குப் போய் அழைப்பிதழ்களை ஓரமாகத் தள்ளினார்.

"எல்லாத்தையும் கொட்டிடும்மா. அந்தப் பொண்ணு எந்தக் கம்பெனி?"

சொன்னேன். போனை எடுத்தார். அந்த முதலாளியோடு அவர் பேசியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. குசலம் விசாரிக்கவில்லை, மணிவிழாவுக்கு அழைக்கவில்லை. உன் லைனில் நின்ற பெண்ணுக்கு ரத்தம் வேண்டும், மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஆளை அனுப்பு என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

நம்பர் மட்டும்

வேன் வேனாக வந்தார்கள். சுமதி வேலை செய்த ஃபினிஷிங் செக்‌ஷன், பக்கத்துச் செக்‌ஷன், லோடிங் ஆட்கள், மேனேஜர்கூட ஒருவர். விரலில் ஒட்டிய பசையைச் சுரண்டிக்கொண்டே வரிசையில் நின்றார்கள். குரூப் ஒத்துப்போனவர்களை மட்டும் படுக்கைக்கு அனுப்பினோம். மற்றவர்களும் போக மாட்டோம் என்று மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்கள். ஏ.ஓ. அந்த அவசரத்திலும் எங்கிருந்தோ ஒரு பேனரைக் கொண்டுவந்து கட்டினார். மாபெரும் ரத்ததான முகாம், கீழே சேர்மன். அது ரத்தம் எடுக்கும் அறையின் ஜன்னலை முழுக்க மறைத்துவிட்டதால் பட்டப்பகலில் லைட் போட்டுத்தான் ஊசி குத்தினோம். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதில் வைரஸ் சம்பந்தம் எதுவும் இல்லை.

சாயங்காலம் சேர்மனே வந்தார். கூட்டத்தைப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்து, தானும் கொடுக்க முடியுமா என்று கேட்டார். முதல் தடவை கொடுக்கிறவர்களுக்கு அறுபதுதான் எல்லை, அவருக்கு இன்னும் ஆகவில்லை. பிரஷர், சர்க்கரை, எடை எல்லாம் பார்த்தோம், சரியாக இருந்தது. குரூப்பும் சுமதியின் குரூப்தான். சட்டைக் கையை மடித்துப் படுத்தார். ரத்தம் நிரம்பி முடிந்ததும் தலையைத் தூக்கிப் பையைப் பார்த்தார். நான் அதன்மேல் லேபிள் ஒட்டினேன்.

"பேரு எங்கம்மா?"

"பேரு கெடையாது சார். நம்பர் மட்டுந்தான்."

"எனக்குமா?"

"எல்லாருக்குந்தான். கொடுத்தவங்க யாருன்னு வாங்கறவங்களுக்குத் தெரியக் கூடாது. யாருக்குப் போச்சுன்னு கொடுத்தவங்களுக்கும் சொல்ல மாட்டோம்."

அவர் அந்த நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய மனுஷனைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. பிறகு, சரி போ என்று சொல்லிவிட்டு நர்ஸ் கொடுத்த பிஸ்கட்டைத் தின்ன ஆரம்பித்தார்.

டெஸ்ட் முடிவுகள் வர வர, தேறிய பைகளைப் பிரித்து, நீலம் கலந்து, ஒவ்வொன்றாக டிராயரில் வைத்தோம். அஸ்லம் பாய் வைப்பதற்கு முன் ஒவ்வொரு பையையும் தூக்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். ஒரு எழுத்து இல்லை, ஒரு கோடு இல்லை. வெறும் நீலம். என் சர்வீஸில் அவ்வளவு அழகான பைகளை நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை டாக்டர் கேட்ட நேரத்துக்குப் பிளாஸ்மா அவர் கையில் இருந்தது. வராந்தாவில் சுமதியின் புருஷன் மறுபடி அதே கேள்வியைக் கேட்டார். இந்தத் தடவை ஆமாம் என்றேன். முதல் சிட்டிங்கில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதற்குப் பிறகு பேச்சு தெளிந்தது. கம்பெனி ஆட்கள் முறை வைத்து வந்துகொண்டே இருந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டணு ஏறியது. ஒரு நாள் அவள் எழுந்து உட்கார்ந்து, ஆஸ்பத்திரி இட்லி கல் மாதிரி இருக்கிறது என்று புருஷனோடு சண்டை போட்டாள். அன்றைக்கு டாக்டர் நிர்மலா எங்கள் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்.

டிஸ்சார்ஜ் ஆகிற அன்று என்னைத் தேடி வந்தாள். அவளுக்குள் யார் யார் ரத்தம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை. சொல்லக் கூடாதும்மா என்றேன். நான் பயந்த மாதிரி அவள் வற்புறுத்தவில்லை. சிரித்தாள்.

"பரவால்ல மேடம். நானு ஷூவுக்குள்ள கம்பெனி பேரு போட்ட லேபிளு ஒட்டறவ. எங்க பேரு எதுலயும் கெடையாது. எந்த ஊர்ல எவன் போட்டுனு நடக்கறான்னு எங்களுக்கும் தெரியாது. ஆனா நல்லாத்தான் ஒட்டுவோம்."

அவள் போன பிறகு நான் என் செருப்பைக் கழற்றி அதில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்தேன்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது சுருக்கமானது. மெஷின் பாஸ் சொன்னால் அது தன் பங்கைச் செய்துவிட்டது என்றுதான் அர்த்தம். நடுவில் என்ன நிற்கிறது என்று பார்ப்பது உங்கள் பங்கு. நடுவில் நிற்பது பெரும்பாலும் யாராவது ஒரு பெரிய மனிதராகத்தான் இருக்கும், பயப்படாமல் உரியுங்கள். இப்போது அந்த அறைக்குப் போனால் மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில் பெரிய போர்டு ஒன்றைப் பார்க்கலாம். 'பையின்மேல் எதையும் ஒட்டாதீர்கள்' என்று சிவப்பில் எழுதி, கீழே 'உபயம்: சேர்மன் தனபால்' என்று அதைவிடப் பெரிதாகப் போட்டிருக்கும். ஏ.ஓ.வின் கைவேலை. சுவருக்கு வெளிச்சம் தேவையில்லை என்பதால் நானும் விட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் பாக்கி. சேர்மன் கொடுத்த பையின் நம்பர் எனக்குத் தெரியும், லேபிள் ஒட்டியவள் நான்தானே. சுமதிக்குப் பேச்சு திரும்பியதே, அந்த இரண்டாவது சிட்டிங்கில் அது போனது. அவர் வாழ்க்கையில் பெயர் போடாமல் கொடுத்த ஒரே உபயம் அதுதான். அது ஒரு உயிருக்குள் போய்ச் சேர்ந்தது, அவருக்குத் தெரியாது. மணிவிழா மேடையில் மாலைக்கு நடுவே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தபோது சொல்லிவிடலாமா என்று எனக்கு நாக்கு துடித்தது. விதி விதிதான், சொல்லவில்லை.

இங்கே எழுதிவிட்டாயே என்று நீங்கள் கேட்கலாம். எல்லோருடைய பெயரையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். அவர் கண்ணில் இது படாது. தன் பெயர் இல்லாத எதையும் அவர் படிப்பதில்லை.